பேசித் தீர்க்க ஏன் மனசில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். சரி, எல்லையைக் காக்கப் பணம் வேண்டும்தான், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் பீரங்கியும் குண்டும் செய்கிற தொழிலாளி வாய் திறந்தால் மட்டும் ஏன் இவ்வளவு கோபம்? 2021-ல் ஆவடி, திருச்சி, அருவங்காடு உட்பட 41 படைக்கலத் தொழிற்சாலைகளை 7 நிறுவனங்களாகப் பிரிக்கப் போகிறோம் என்றதும் சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தன (ஆளுங்கட்சிக்கு வேண்டிய சங்கம்கூட எதிர்த்தது!), உடனே அவசரச் சட்டம் கொண்டுவந்து, கலந்துகொண்டால் ஓராண்டு வரை, தூண்டிவிட்டால் இரண்டாண்டு வரை சிறை என்றார்கள். அக்டோபர் 1-ல் பிரித்தும் முடித்துவிட்டார்கள்.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு இது புதுசில்லை. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தில் வ.உ.சி. நின்றபோது வெள்ளைக்கார முதலாளியே கடைசியில் இறங்கிவந்து கூலியை உயர்த்தினான். சுதந்திர நாட்டில், 1999-ல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனவர்களில் 17 பேரைத் தடியடியில் தாமிரபரணிக்குப் பறிகொடுத்தோம், அதுவும் மனு கொடுக்கப் போன இடத்தில்.

அடுத்த பட்ஜெட் விவாதத்திலாவது நம் எம்.பி. எழுந்து, சங்கங்களோடு எத்தனை முறை பேசினீர்கள் என்று பாதுகாப்பு அமைச்சரிடம் கேட்பாரா?

இப்படிக்கு,
ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்