புதன்கிழமை ரத்தப் பரிசோதனை: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் புதன்கிழமை நம் பள்ளிக்கு மருத்துவக் குழு வருகிறது. அரிவாள் செல் ரத்தசோகை இருக்கிறதா என்று பிள்ளைகளின் விரல் நுனியில் சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ஒப்புதல் படிவம் இத்துடன் இருக்கிறது. "நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு சார் ஊசி?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனை உடம்பெங்கும் சுமந்து போவது ஹீமோகுளோபின் என்ற புரதம். அதில் ஆல்ஃபா இழை இரண்டு, பீட்டா இழை இரண்டு. பீட்டா இழைக்கான செய்முறை 11-ஆம் குரோமோசோமில், எச்.பி.பி. என்ற மரபணுவில் இருக்கிறது. அந்த இழை 146 மணிகள் கோத்த மாலை மாதிரி. ஆறாவது மணி குளூட்டாமிக் அமிலமாக இருக்க வேண்டும். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் அந்த இடத்தில் வாலின் என்ற வேறொரு மணி வந்துவிடும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஆக்சிஜனை இறக்கியதும் இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பியாக நீளும். வட்டமான சிவப்பணு கதிர் அரிவாளாக வளைந்து மெல்லிய ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் தாங்க முடியாத வலி. 120 நாள் வாழ வேண்டிய அணு 10, 20 நாளில் உடைந்துபோகும், சோகை அதனால்தான்.

சில வருடங்களுக்கு முன், பனி கொட்டிய ஒரு காலையில், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் முழங்காலைப் பிடித்தபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். "கால் வலிக்குது சார்" என்றான். டிரில்லுக்குச் சாக்கு என்று நினைத்து ஓடச் சொன்னேன். அன்றிரவே அவனை மருத்துவமனையில் சேர்த்தார்கள். குளிர், தாகம், காய்ச்சல், கடும் ஓட்டம் எல்லாமே இந்த வலியைக் கிளப்பும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். முன்பே பரிசோதித்திருந்தால் அவனை ஓடவிட்டிருக்க மாட்டேன்.

இந்தியாவில் இந்த மாற்றம் முதலில் பதிவானது 1952-இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என நமக்கு வரும் இரண்டு மரபணுக்களில் ஒன்று மட்டும் மாறியிருப்பவர்களைக் கடுமையான மலேரியா எளிதில் வீழ்த்தாது. அதனாலேயே இது தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கிறது. அவர்கள் நோயாளிகள் அல்ல. தாய், தந்தை இருவரிடமும் அப்படி ஒன்று இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. "பொண்ணு வீட்டுச் சீக்கு" என்ற பேச்சு என் காதிலும் விழுந்திருக்கிறது. அது பொய். இரண்டு பக்கமும் சேராமல் இந்த நோய் வராது. தொட்டாலும் ஒட்டாது.

முடிவை உங்களிடம் மட்டுமே சொல்வோம். நோய் உறுதியானால் ஹைட்ராக்ஸியூரியா போன்ற மருந்துகள் இருக்கின்றன. எல்லாப் பிள்ளைகளும் தண்ணீர் பாட்டிலும் ஸ்வெட்டரும் கொண்டு வரட்டும். வகுப்பு நடக்கும்போதும் தண்ணீர் குடிக்கலாம் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டேன்.

படிவத்தைத் திங்கள்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். கைரேகை வைத்தாலும் சரி. நேரில் பேச வேண்டுமென்றால் செவ்வாய் மாலை 4 மணிக்கு மேல் பள்ளியில்தான் இருப்பேன், வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்