மரம் வாங்கும் முன் ஈரம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மரவாடியில் விலையைக் கேட்கும் முன் ஈரமானியைக் கேளுங்கள். அறைக்குள் வைக்கும் மேசை, அலமாரிக்கு 8 முதல் 12 சதவீத ஈரம்தான் சரி. பலகையின் முனையில் அளந்தால் குறைவாகவே காட்டும். முனைதான் முதலில் காயும். ஓரடி உள்ளே தள்ளி அளக்கவேண்டும். "நல்லா காய்ஞ்ச மரம்" என்ற வாய்வார்த்தையை நம்பி ஈரப்பலகையைக் கதவாக்கினால், சுருங்கி மூட்டு விலகும்.

அளவு இன்னொரு தொல்லை. 7 அடி நீளம், 8 அங்குல அகலம், 1.5 அங்குலக் கனம்: பெருக்கி 144-ஆல் வகுத்தால் 0.58 கன அடி. அது அறுத்த அளவா, இழைத்து வழவழப்பாக்கிய பிறகுள்ள அளவா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஓரம் வெளிறியிருந்தால் அங்கே வைரம் பாயவில்லை, அதாவது மரம் முற்றவில்லை. பூச்சி முதலில் நுழைவதும் அங்கேதான். அடுக்கைப் பிரித்து அடிப்பலகையைப் பார்க்கவிடாத கடையென்றால், வேறு கடை பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தச்சர்