தொழுவத்துக்கும் குலுக்கைக்கும் ஒரு பட்டியல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் பழைய நாட்டு ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு வருவது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மண் சுவர் எத்தனை காலம்தான் தாங்கும், இடித்துவிட்டுக் கட்டுவதுதானே புத்திசாலித்தனம் என்று அதில் சிலர் கேட்டிருந்தார்கள். கட்டடப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகள் குடும்பம் இங்கிலாந்தின் தென்மேற்கே எக்ஸிடர் நகரில் இருப்பதால், அந்நகரைச் சுற்றியுள்ள பண்ணைகளை ஓரளவு பார்த்தும் இருக்கிறேன். அந்தக் கேள்விக்கான பதில் அங்கே கண்ணெதிரே நிற்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எக்ஸிடரை உள்ளடக்கிய டெவன் வட்டாரத்தில் பழைய பண்ணை வீடுகள் பலவும் மண்ணால் ஆனவை. களிமண் கலந்த அடிமண்ணில் வைக்கோலும் தண்ணீரும் சேர்த்து மிதித்துக் குழைத்து, கல் அடித்தளத்தின் மேல் ஒரு படை ஏற்றி, அது இறுகிய பிறகே அடுத்த படையை வைப்பார்கள். நம் ஊர்ப் பெரிய கொத்தனார் எவருக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 'காப்' என்று அவர்கள் அழைக்கும் இந்தச் சுவர் பெரும்பாலும் இரண்டு அடிக்குக் குறையாத கனம் உடையது. கடலோடி வால்டர் ராலே பிறந்ததாகக் கருதப்படும் ஹேய்ஸ் பார்ட்டன் என்னும் பண்ணை வீடு மண் சுவரும் வைக்கோல் கூரையுமாக, 16-ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை நிற்கிறது. நல்ல தொப்பியும் நல்ல காலணியும் போட்டுவிட்டால் மண் சுவருக்கு வேறொன்றும் வேண்டாம் என்பது அந்த வட்டாரத்துச் சொலவடை. தொப்பி என்பது சுவரைத் தாண்டி இறங்கும் தாழ்வாரம். காலணி என்பது ஈரம் ஏறாத கல் அடித்தளம்.

அங்கேயும் மண் சுவர்கள் சரிந்திருக்கின்றன. அவற்றுள் பலவற்றைக் கெடுத்தது மழையைவிடச் சிமெண்டுதான். மண் சுவர் ஈரத்தை உறிஞ்சவும் செய்யும், வெயிலில் அதை வெளியே விடவும் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும், சிமெண்டுப் பூச்சு வழியை அடைத்துவிடும். உள்ளே தேங்கும் ஈரம் சுவரின் அடியில் இறங்கி, ஒருநாள் சுவரே உட்கார்ந்துவிடுகிறது. இதே கோலத்தைச் சோழவந்தானுக்கு அருகில், பெரியாறுக் கால்வாய்ப் பாசனத்தில் இருபோகம் விளையும் ஒரு கிராமத்தில், உறவினர் வீட்டில் பார்த்தேன். கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, 'இனி நூறு வருஷத்துக்குக் கவலையில்லை' என்று சொல்லி ஓர் ஒப்பந்தக்காரர் சிமெண்டு பூசிக் கொடுத்திருந்தார். சில மழைக்காலங்களுக்குள் இடுப்பு உயரம் வரை உப்புப் பூத்து, பூச்சு தகடு தகடாகக் கழன்றது. அதன் பின்னால் விரலை வைத்தால் மண் புட்டுப் போல உதிர்ந்தது. பழி மட்டும் மண்ணின் மேல் விழுந்தது. வீட்டை இடித்தபோது, தானியம் சேமிக்கும் ஆள் உயரக் குலுக்கை, பனங்கை பாவிய மச்சு, கல் தொட்டியோடு கூடிய மாட்டுத்தொழுவம் எல்லாம் ஒரே நாளில் மண்மேடாயின.

இங்கிலாந்தில் இவ்வளவு எளிதாக இடித்துவிட முடியாது. இரண்டாம் உலகப் போரில், 1942 மே மாதம் விழுந்த குண்டுகளில் எக்ஸிடரின் பழைய நகரம் பெருமளவு எரிந்துபோனது; இப்படிப் பல நகரங்கள் அழிந்ததைக் கண்ட பிறகே, காக்க வேண்டிய கட்டடங்களைப் பட்டியலிடும் முறை 1940-களின் நகரமைப்புச் சட்டங்கள் வழியாக உருவானது. 1700-க்கு முன் கட்டப்பட்டு, பழைய நிலை பெரிதும் மாறாமல் இருக்கும் எந்தக் கட்டடமும் பொதுவாக அதில் இடம்பெறும். பட்டியலில் உள்ள கட்டடங்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மூன்று தரங்களில் கடைசித் தரத்தைச் சேர்ந்தவை. அதாவது மாளிகைகளும் தேவாலயங்களும் போக, சாதாரண வீடுகளும் களஞ்சியங்களும் ஆலைகளும்தான் அதிகம். பட்டியலில் உள்ள வீட்டின் வளாகத்துக்குள் 1948 ஜூலை 1-க்கு முன் கட்டப்பட்டு நிற்கும் துணைக் கட்டடங்களும் அந்த வீட்டின் பகுதியாகவே கருதப்படும் என்ற விதியை நம் அதிகாரிகள் கவனிக்க வேண்டும். வீடு தப்பினால் தொழுவமும் வைக்கோல் கொட்டகையும் கூடவே தப்புகின்றன. அனுமதியின்றி இடிப்பது அங்கே குற்றம்.

எக்ஸிடரில் 1961-இல் ஒரு புதிய சாலைக்காகப் பழைய மரச்சட்ட வீடு ஒன்றை அகற்ற வேண்டி வந்தபோது, அதை இடிக்காமல் சக்கரங்களின் மேல் ஏற்றி, மேட்டில் இழுத்துச் சென்று வேறிடத்தில் நிறுத்தினார்கள். நம் ஊர்களில் சாலை அகலமானால் திண்ணைதான் முதலில் போகிறது. அதற்காக அங்கே எல்லாமே ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. புதிய வீடு கட்டினால் மதிப்புக்கூட்டு வரி இல்லை, பழைய வீட்டைப் பழுது பார்த்தால் 20 விழுக்காடு வரி என்பது அங்குள்ள விசித்திரம். பட்டியலில் இல்லாத பண்ணைக் கட்டடங்களை முழுத் திட்ட அனுமதி பெறாமலே குடியிருப்பாக மாற்ற 2014 முதல் வழிவிட்டிருப்பதால், பல களஞ்சியங்கள் பெரிய பெரிய கண்ணாடிச் சன்னல்களோடு அடையாளம் தெரியாமல் மாறியும் வருகின்றன.

நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. தொல்லியல் சின்னங்களுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பாரம்பரியக் கட்டடங்களுக்கென 2012-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய பாரம்பரிய ஆணையச் சட்டமும் இருக்கிறது. ஆனால் பாரம்பரியம் என்றதும் நம் நினைவுக்கு வருவன திருமலை நாயக்கர் மகாலும் கோயில்களுமே. மண்ணுக்குள்ளிருந்து கீழடியில் வெளிப்பட்ட செங்கல் சுவர்களைக் கண்டு பெருமைப்பட்டு, அங்கே 2023-இல் செட்டிநாட்டு வீட்டின் பாணியில் அருங்காட்சியகமும் திறந்தோம். மண்ணுக்கு மேலே நிற்கும் வீட்டை மட்டும் பொக்லைனுக்குக் கொடுக்கிறோம்.

ஆகவே, சோழவந்தான், மேலூர், உசிலம்பட்டி வட்டாரங்களில் ஏதேனும் ஓர் ஒன்றியத்தை முதலில் எடுத்துக்கொண்டு, ஊர் ஊராக உள்ள பழைய வீடுகள், குலுக்கைகள், தொழுவங்கள், கமலைக் கிணறுகள் ஆகியவற்றை அளந்து, படமெடுத்துப் பட்டியலிட மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். உரிமையாளரின் ஒப்புதலோடுதான் இது நடக்க வேண்டும்; வீட்டைத் தொடாதே என்று சொல்பவர்கள் பழுது பார்க்கும் செலவில் ஒரு பங்கையாவது ஏற்க வேண்டும். சுண்ணாம்புக் காரை அரைக்கத் தெரிந்த முதிய கொத்தனார்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டு இளைய கொத்தனார்களுக்குக் கூலியுடன் கூடிய பயிற்சி தருவதை இந்தக் கணக்கெடுப்போடு சேர்த்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்,
சோழவந்தான், மதுரை மாவட்டம்.