மலைக்குப் போகும் வானுக்கு ஏன் இந்த வாடகை? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தை பிறந்தால் எங்கள் கடைத் தொலைபேசியில் ஒரே கேள்விதான்: "நுவரெலியாவுக்குப் போக மலிவாக ஒரு வான் கிடைக்குமா?" கிடைக்கும். ஆனால் நாங்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகளில் சிலருக்கு மனம் சுணங்கிவிடுகிறது. எத்தனை பேர், எத்தனை பைகள், எத்தனை மணிக்குப் புறப்பாடு, இரவில் சாரதி எங்கே படுப்பார் என்று வரிசையாகக் கேட்கிறோம். "வாடகையைச் சொல்லுங்கள் தம்பி, மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று போன கிழமை ஓர் ஐயா கோபத்துடன் தொலைபேசியை வைத்துவிட்டார். அவருக்கு வாயால் சொல்ல முடியாமற்போனதை எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் தூரம். திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர். கண்டியைக் கடந்து பேராதனை, கம்பளை, புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு இன்னும் எண்பது. போக வர 520 ஆகிறது. சீதையம்மன் கோயில், ஹக்கல பூங்கா, கிரகரி ஏரிக்கரையில் பிள்ளைகளுக்குக் குதிரைச் சவாரி என்று அங்கே ஓடுவதையும் சேர்த்தால் 600. ஹோர்ட்டன் சமவெளியையும் பார்க்க வேண்டும் என்றால் மேலும் ஓர் அறுபது, அறுபத்தைந்து. எங்கள் டீசல் வான் சமதரையில் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும். ஆட்களும் பைகளுமாக மலை ஏறும்போது ஏழுக்கு இறங்கிவிடும். ஆகவே ஒரு நுவரெலியாப் பயணம் என்பது எங்களுக்கு 70 லீற்றர் டீசல். ரூபாவில் எழுதாமல் லீற்றரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2022 ஜூனில் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்கு ஏறியபோது, அதற்கு முன் விலை பேசி முற்பணம் வாங்கியிருந்த மூன்று பயணங்களைக் கைநட்டத்தில் ஓடி முடித்தோம். அன்றிலிருந்து புறப்படும் நாளின் டீசல் விலைதான் எங்கள் கணக்கு.

இனி, மலிவு என்று சொல்லப்படும் வாடகைகளுக்கு வருவோம். "ஒரு நாளுக்கு இவ்வளவுதான்" என்று ஒரு தொகை சொல்வார்கள், கேட்கக் குளிர்ச்சியாக இருக்கும். அதற்குள் நாளொன்றுக்கு 100 கிலோமீற்றர் மட்டுமே அடக்கம் என்பது திரும்பி வந்து கணக்குப் பார்க்கும்போதுதான் வெளியே வரும். மூன்று நாளுக்கு 300. நீங்கள் ஓடியது 600. மிச்சம் 300 கிலோமீற்றருக்கும் மேலதிகக் கட்டணம். கிலோமீற்றரை உங்கள் வீட்டு வாசலிலிருந்து எண்ணுகிறார்களா, அவர்கள் கராஜிலிருந்து எண்ணுகிறார்களா என்பதையும் கேளுங்கள். டீசல் யார் தலையில், சாரதியின் சாப்பாடு யார் தலையில், வாகனத் தரிப்பிடக் கட்டணம் யார் தலையில்? எங்களிடம் கேட்டால் ஒரே தொகையாகச் சொல்வோம். காதுக்கு அது பெரிதாகத்தான் இருக்கும். வீட்டில் உட்கார்ந்து ஆள் எண்ணிக்கையால் பிரித்துப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

போன டிசம்பரில் சுவிற்சர்லாந்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு வாடிக்கையாளர் எங்கள் கடை வாங்கில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி இதே கதையைச் சொன்னார். அங்கே அவரும் நண்பர்களுமாகக் குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்குப் போவதற்கு ஒன்பது இருக்கை வான் ஒன்றை வாடகைக்கு எடுப்பார்களாம். ஜெனீவா விமான நிலையத்துக்குச் சுவிஸ் பக்கம், பிரெஞ்சுப் பக்கம் என்று இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. பிரெஞ்சுப் பக்கத்தில் எடுத்தால் வாடகை குறைவு என்று ஒருமுறை அங்கே எடுத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலைக்கான ஒட்டுவில்லை அந்த வானில் இல்லை. அதற்கு 40 பிராங்க். குளிர்கால டயரும் இல்லை. அதற்குத் தனிக் கட்டணம். மலை அடிவாரத்தில், டயர்ச் சங்கிலி கட்டாமல் மேலே போகக்கூடாது என்று காட்டும் நீல வட்டப் பலகையைக் கண்ட பிறகு சங்கிலியும் வாங்க வேண்டியதாயிற்று. கொட்டும் பனியில், கையுறையோடு முழந்தாளிட்டு, ஒன்பது பேரில் ஒருவருக்கும் அதைக் கட்டத் தெரியாமல் ஒரு மணி நேரம் நின்றார்களாம். "சுவிஸ் பக்கத்திலேயே எடுத்திருந்தால் ஒட்டுவில்லையும் டயரும் வாடகைக்குள்ளேயே வந்திருக்கும் அண்ணை" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நம்முடைய கராஜ் கணக்குத்தான் நினைவுக்கு வந்தது.

ஒன்பது இருக்கை என்று அவர் சொன்னதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அங்கே சாதாரண கார் அனுமதிப்பத்திரத்தோடு ஓட்டக்கூடிய எல்லை, சாரதியையும் சேர்த்து ஒன்பது பேர். இங்கேயும் பி வகுப்புக்கு அதுவே எல்லை. "வானை மட்டும் தாருங்கள், எங்கள் மருமகனே ஓட்டுவார்" என்று கேட்பவர்களிடம் நாங்கள் அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிப் பார்ப்பது இதனால்தான். மருமகன் கொழும்பில் நன்றாகக் கார் ஓட்டுபவராக இருக்கலாம். பதினான்கு இருக்கை வானுக்கு அது போதாது. காப்புறுதியும் அப்படித்தான். தனிப்பட்ட பாவனைக்கு என்று எடுத்த காப்புறுதியோடு வாடகைக்கு ஓடும் வான்கள் ஊரில் இருக்கின்றன. விபத்து நடக்கும்வரை இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எந்த வானை எடுத்தாலும், எங்களுடையதாகவே இருந்தாலும், காப்புறுதிப் பத்திரத்தில் வாடகைப் பாவனை என்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். காட்ட முகம் சுளிப்பவரிடம் எடுக்காதீர்கள்.

பைகள். இதைப் பற்றி ஒரு மடலே எழுதலாம். பதினான்கு இருக்கை என்றால் பதினான்கு பேர் உட்காரலாம் என்பது மட்டுமே பொருள். கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு சாண் இடம்தான் மிச்சம். சென்ற மாசியில் உப்புவெளியில் ஒரு வீட்டு வாசலில் வானை நிறுத்தியபோது, விறாந்தையில் பதினொரு பயணப் பைகள், இருபது லீற்றர்த் தண்ணீர்க் கான் இரண்டு, பாயில் சுருட்டிய தலையணைகள், ஒரு சோற்றுக் குக்கர், அரை மூடை அரிசி, அதற்குப் பக்கத்தில் ஒரு எரிவாயு சிலிண்டர். பாட்டி ஒருவர் பதினைந்து தேங்காயைச் சாக்கில் கட்டி, "மலையில் தேங்காய் விலை தம்பி" என்று தாமே இழுத்து வந்தார். ஆள் ஒருவருக்கு 60 கிலோ என்று வைத்தாலும் பதினான்கு பேருக்கு 840 கிலோ. தலைக்குப் பதினைந்து கிலோ பொதி என்றால் மேலும் 210. ஒரு தொன்னைத் தாண்டிவிட்டது. சமதரையில் அது தெரியாது, ரம்பொடை வளைவுகளில் ஒவ்வொரு கிலோவும் தெரியும். அன்று சிலிண்டரை மட்டும் இறக்கிவைத்தோம்; தேங்காய் வந்தது. இனி மலைப் பயணத்துக்குப் பதினான்கு இருக்கை வானில் பத்துப் பேர்தான் என்று முடிவு செய்திருக்கிறோம். கடைசி வரிசையை மடித்துப் பைகளை அங்கே அடுக்குவோம். சிறு பிள்ளைகள் இருந்தால் பேசிப் பார்க்கலாம். பதினைந்து, பதினெட்டுப் பேர் என்றால் வானை மறந்துவிட்டு றோசா என்னும் சிறிய பஸ் எடுப்பதே மலிவு. எங்களிடம் றோசா இல்லை, வைத்திருப்பவரைக் காட்டிவிடுகிறோம்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டி சுமார் 500 மீற்றர். ஏறும்போது என்ஜின் முனகும், அவ்வளவுதான்; ஆபத்து இறங்குவதில் இருக்கிறது. பிரேக்கை மிதித்தபடியே வளைவுக்கு வளைவு இறங்கினால் பிரேக் கட்டைகள் சூடேறி, அந்தச் சூடு பிரேக் எண்ணெயைக் கொதிக்க வைக்கும். எண்ணெயில் ஆவிக் குமிழி வந்துவிட்டால் மிதி பஞ்சு போல உள்ளே போகும், வான் நிற்காது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். பழையதாக ஆக, குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் நம் ஊர்க் கடற்கரை உப்புக்காற்று பிரேக் குழாய்களைத் துருவேற்றுகிறது.

இதைப் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் சொந்த வானை நானே ஓட்டிக்கொண்டு நுவரெலியாவிலிருந்து இறங்கினேன். பேச்சு சுவாரசியத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே வந்துவிட்டேன். லபுக்கலைத் தோட்டத்தைத் தாண்டியதும் கருகிய வாசனை. பின்னால் இருந்த ஓர் அக்கா, "யாரோ றப்பர் எரிக்கிறார்கள்" என்றார். ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால் முன் சில்லு இரண்டிலும் மெல்லிய புகை. தண்ணீர் ஊற்றலாமா என்று ஒருவர் போத்தலைத் திறந்துவிட்டார். கொதிக்கும் இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடிப்பு விழும் என்று தடுத்தேன். நாற்பது நிமிடம் காத்திருந்தோம். எல்லோரும் அதை ஒரு தேநீர் இடைவேளையாக நினைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குத்தான் கை நடுங்கியது. அதற்குப் பிறகு மலைக்குப் போகும் ஒவ்வொரு வானுக்கும் முதல் நாள் பிரேக் கட்டை கழற்றிப் பார்க்கப்படுகிறது. எண்ணெய் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் மாறும். எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைப்பதையும் விடவில்லை. அதற்குக் கட்டணம் இல்லை.

அடுத்து, அதிகம் சண்டை வரும் இடம். இரவில் புறப்பட்டு விடியக் காலை நுவரெலியாவில் இறங்கினால் ஒரு நாள் அறை வாடகை மிச்சம் என்று பலர் கேட்கிறார்கள். நாங்கள் போவதில்லை. 2023 ஜனவரி 20 இரவு நானுஓயாவில் ஒரு பஸ், வான் ஒன்றுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11 விடியுமுன் கொத்மலை கரண்டியெல்லயில், நாம் போய் வரும் அதே பாதையில், பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் போனார்கள். அதே வருடம் செப்டெம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா போன பஸ்ஸில் 15 பேர். மூன்றும் இருட்டு நேரம். மலைக்கு முன்னாலேயே கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை குறுக்கே வரும், இரவில் அது வீதியோடு வீதியாகக் கறுப்பாகத்தான் நிற்கும். ஆகவே திருகோணமலையை விட்டுப் புறப்படுவது காலை ஐந்தரைக்கு. மதியச் சாப்பாட்டை இரண்டு மணியளவில் நுவரெலியாவில் சாப்பிடலாம்.

சாரதிக்குப் படுக்கை கேட்பதும் இதன் தொடர்ச்சிதான். வானுக்குள்ளேயே படுத்துக்கொள்வார் என்று சிலர் சொல்கிறார்கள். பத்து பாகைக்குக் கீழே இறங்கும் குளிரில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, முன் இருக்கையில் காலை மடக்கிப் படுத்து எழுந்தவர்தான் மறுநாள் உங்களை இறக்கிக்கொண்டு வர வேண்டும். உங்கள் அறைகளில் ஒரு மூலை இருந்தாலும் போதும். இல்லையென்றால் தொகையில் அவருக்கான இடத்தையும் சேர்த்துவிடுகிறோம்.

உண்மையான மலிவு எங்கே இருக்கிறது என்று கேட்டால், நாட்காட்டியில் என்பேன். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம். அறை விலை கூரையைத் தொடும், வீதியில் வான் நகராது. ஆகஸ்டில் நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் ஆட்கள் வந்து குவிவதால் எங்கள் வான்களுக்கு ஓய்வே இல்லை, விலையும் இறங்காது. கண்டியில் பெரஹரா நெரிசல் வேறு. மாசி மாதத்தில் எங்கள் கடற்கரை வெறிச்சோடிக் கிடக்கும், வான்கள் கராஜில் நிற்கும். மலையில் அப்போது மழை குறைவு, குளிர் நல்ல குளிர். சில விடியல்களில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். பனி என்றதும் சறுக்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள், சூரியன் ஏறினால் அது போய்விடும். செவ்வாய் புறப்பட்டு வியாழன் திரும்புவதானால் வார இறுதி வாடகையிலிருந்து நல்ல கழிவு தருகிறோம்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலைநாட்டு வீதிகளை எப்படிப் புரட்டிப் போட்டது என்பது உங்களுக்குத் தெரியும். மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை முதல் நாள் மாலை பார்ப்போம். நம் பாதைக்குச் செம்மஞ்சளோ சிவப்போ வந்தால் பயணத்தைத் தள்ளிவைப்போம். முற்பணம் அடுத்த திகதிக்கு அப்படியே செல்லும்.

நான்கு பேர் மட்டும் போகிறவர்கள் எங்களிடம் வர வேண்டாம். கண்டிக்குப் பஸ், கண்டியிலிருந்து இன்னொரு பஸ் என்று போனால் வான் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும். கடைக்காரர் எழுதக்கூடாத வரி இது என்று வீட்டில் சொன்னார்கள், எழுதிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. மாசிப் பயணத்தில் யாரோ ஒரு பிள்ளையின் சிவப்புக் கம்பளித் தொப்பி நடு இருக்கைக்கு அடியில் கிடந்தது. உச்சியில் ஒரு வெள்ளைக் குஞ்சம் இருக்கிறது. துவைத்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறோம், கடை காலை எட்டு மணிக்குத் திறக்கும்.

இப்படிக்கு,
வான் வாடகைக் கடை,
திருகோணமலை.