விதி எழுதும் இடத்தில் பில் போடுகிறவருக்கும் ஓர் ஓட்டு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு தொழில்களுக்கு வரவேண்டிய பாக்கியைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் 'பணம் தராமல் இழுத்தடிக்கிறார்கள்' என்ற வரியோடு நின்றுவிடுகின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பத்தோரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பணம் நிற்பதற்கு முன்னால் பில் நின்றுவிடுகிறது. பில்லை நிறுத்துவது பல நேரங்களில் மனிதர் அல்ல, திரையில் உள்ள ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை யார் வரைந்தார்கள், யாரைக் கேட்டு வரைந்தார்கள் என்று எவரும் விசாரிப்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பட்டறையில் இருபத்திரண்டு பேர். குழாய்களை இணைக்கும் வளையங்களான எவர்சில்வர் ஃபிளாஞ்சுகளைக் கடைந்து, துளையிட்டு அனுப்புகிறோம். சென்ற ஆண்டு அரசு சார்ந்த நிறுவனம் ஒன்றுக்கு 340 ஃபிளாஞ்சுகள் அனுப்பினோம். சரக்கு போய்ச் சேர்ந்தது, டெலிவரி சலானில் கையெழுத்தும் ஆனது. பில்லை அவர்களுடைய இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அங்கே டெஸ்ட் சர்டிபிகேட் எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. எங்களுக்குச் சோதனை செய்துதரும் ஆய்வகத்தின் எண்ணில் இரண்டு சாய்கோடுகள் உண்டு. கட்டமோ எழுத்தையும் எண்ணையும் மட்டும்தான் ஏற்கும். சாய்கோட்டை விட்டுவிட்டு எண்ணை இட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து 'சான்றிதழ் எண் பொருந்தவில்லை' என்று பில் திரும்பியது. ஆய்வகத்தில் கேட்டேன். எண் வரிசையை எங்களுக்காக மாற்ற முடியாது என்றார்கள். அது நியாயம்தான்.

நேரில் போனேன். அந்த அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, திரையை என் பக்கம் திருப்பி, தாமே எண்ணை அடித்துப் பார்த்தார். சாய்கோட்டை அழுத்தும்போதெல்லாம் கட்டத்தின் விளிம்பு சிவந்தது. மூன்று முறை அடித்துப் பார்த்தார். பிறகு, "இது நான் போட்ட கட்டம் இல்லை ஐயா, யார் போட்டார்கள் என்றும் எனக்குத் தெரியாது" என்றார். உதவி எண்ணில் பதிந்த புகாருக்கு 'தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. கட்டம் மட்டும் அப்படியே இருந்தது. முடிவில், சாய்கோடு உள்ள எண்ணும் இல்லாத எண்ணும் ஒன்றே என்று எங்கள் கடிதத்தாளில் தட்டச்சு செய்து, வட்ட முத்திரை குத்திக் கொடுத்த பிறகு பில் நகர்ந்தது. எழுபத்தோரு நாள். அதுவரை கூலியை வங்கியின் ஓவர்டிராஃப்ட் கடனில் எடுத்துக் கொடுத்தோம்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டு சிறு தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக. இந்த 45 நாள் கணக்கைத் தொடங்க வேண்டியது சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. நடைமுறையில், இணையதளம் பில்லை ஏற்ற நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள். அந்த வட்டியைக் கேட்டு வழக்காடினால் அடுத்த ஆர்டர் என்ன ஆகும் என்பது தொழிற்பேட்டையில் எல்லோருக்கும் தெரியும்.

இதோடு ஒப்பிட எனக்கு இன்னோர் அனுபவம் இருக்கிறது. எங்கள் முதலாளியின் தம்பி சிங்கப்பூரில் சிறிய வணிக நிறுவனம் நடத்துகிறார். அதன் கணக்கையும் மாலை வேளைகளில் இங்கிருந்தே நான் பார்க்கிறேன். அங்கே பில்கள் 'பெப்போல்' என்ற வலையமைப்பின் வழியாகப் போகின்றன. சிங்கப்பூரில் அதற்கு 'இன்வாய்ஸ்நவ்' என்று பெயர். 2021-இல் நான் முதன்முதலாகத் தயாரித்த பில் அதே நிமிடத்தில் திரும்பியது. கூடவே காரணமும் வந்தது: வாங்குபவரின் குறிப்பு எண், ஆர்டர் எண் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும், விதி ஆர்003. ஒரே வாக்கியம், ஒரு விதி எண். தேடினால் அந்த விதி இணையத்தில் எவரும் படிக்கும்படி கிடக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் யாரிடம், எப்படி விண்ணப்பிப்பது என்பதும் பக்கத்திலேயே இருக்கிறது. அன்றிரவு வெகுநேரம் அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

பெப்போல் ஒரே இணையதளம் அல்ல. எல்லோரும் போய் நுழைய வேண்டிய மையக் கணினியும் அதற்குக் கிடையாது. விற்பவர் தமக்குப் பிடித்த சேவை நிறுவனத்திடம் பதிந்துகொள்கிறார். வாங்குபவர் தமக்குப் பிடித்த வேறொன்றில் பதிந்துகொள்கிறார். பில் இந்த இரண்டு நிறுவனங்களுக்கு இடையே போகிறது. ஒரு தொலைபேசி நிறுவனத்தின் எண்ணிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் எண்ணுக்குப் பேசுவதைப் போலத்தான். ஒரு வேறுபாடு: அந்த நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கைமாற்றுக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. சிறியவரின் பில் பெரியவரைச் சென்றடைய வழியில் சுங்கம் கிடையாது.

அரசுக் கொள்முதலை நாடு கடந்து நடத்தும் நோக்கத்தோடு, ஐரோப்பிய ஆணையத்தின் ஆதரவில் 2008-இல் தொடங்கிய திட்டம் இது. இப்படிப்பட்ட திட்டங்கள் நிதி தீர்ந்ததும் மடிந்துவிடுவதுதான் வழக்கம். இதை நடத்தியவர்கள் 2012 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸில் 'ஓப்பன் பெப்போல்' என்ற லாப நோக்கற்ற சங்கத்தை அமைத்து, வலையமைப்பை அதனிடம் ஒப்படைத்தார்கள். என்னைக் கட்டிப்போட்டது அந்தச் சங்கத்தின் அமைப்புதான். அந்தந்த நாட்டில் வலையமைப்பை மேற்பார்க்கும் பொறுப்பு அமைப்புகள் ஒரு சமூகம். சேவை நிறுவனங்கள் ஒரு சமூகம். வாங்கியும் விற்றும் வலையைப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு சமூகம். ஒவ்வொரு சமூகமும் தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுக்கிறது. நிர்வாகக் குழுவில் சமூகங்களின் குரல் ஒலிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே பொதுப்பேரவை. விதியில் மாற்றம் வேண்டுமென்றால் விண்ணப்பம் பதிவாகிறது, சமூகங்களில் விவாதம் நடக்கிறது, மாற்றத்தை ஆராயும் குழு முடிவெடுக்கிறது. புதிய பதிப்பு ஆண்டுக்கு இருமுறை, முன்கூட்டியே சொல்லிவிட்டு நடைமுறைக்கு வருகிறது. பில்கள் பயணிக்கும் தொழில்நுட்ப முறையையே 2020 பிப்ரவரி 1 முதல் மாற்றினார்கள். சேவை நிறுவனங்களுக்கு முன்னதாகவே அவகாசம் கொடுத்திருந்தார்கள். நம்மைப் போல நள்ளிரவில் திரை மாறி, காலையில் வந்து திகைக்கும் நிலை எவருக்கும் இல்லை.

2018-இல் ஐரோப்பாவுக்கு வெளியே முதல் நாடாகச் சிங்கப்பூர் பொறுப்பு அமைப்பாகச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும், 2021-இல் ஜப்பானும் சேர்ந்தன. உள்நாட்டு வரிச் சட்டத்துக்கு ஏற்ப ஒவ்வொரு நாடும் சில விதிகளைக் கூட்டிக்கொள்ளலாம். அடிப்படை ஒப்பந்தம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

இதைப் புகழ்வதற்காக நான் எழுதவில்லை. எனக்கு ஓர் அச்சம் இருக்கிறது. அது என் தாத்தாவிடமிருந்து வந்தது.

அவர் பர்மாவில், ரங்கூன் மொகல் தெருவில் வட்டிக்குக் கடன் தரும் ஒரு செட்டியார் கடையில் அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு அடுத்த நிலையில் இருந்தவர். கடையின் கடைநிலை வேலையான பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, அடுத்தாளாக உயர்ந்து, கடையை நடத்தும் மேலாள் ஆவதற்கு முன் இரண்டாம் உலக யுத்தம் வந்து ஊர் திரும்பிவிட்டார். மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கடைக்காரர்களும் அங்குள்ள கோயிலில் கூடி, அந்த மாதத்துக்கான வட்டி விகிதமான 'நடப்பு வட்டி'யை முடிவு செய்வார்களாம். அதற்குச் சட்டமும் இல்லை, காவல்காரரும் இல்லை. கூடிச் சொன்னது சொன்னதுதான். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருவர் எழுதிய உண்டியலை, அதாவது பணம் தரச் சொல்லும் சீட்டை, இன்னொருவர் மதித்ததும் அந்த நம்பிக்கையில்தான். தங்களுக்குத் தாங்களே விதி எழுதிக்கொண்ட உறுப்பினர்களின் வலையமைப்பு அது. தாத்தா அதைப் பெருமையோடு சொல்வார். சொல்லி முடித்துச் சற்று நேரம் பேசாமல் இருப்பார். ஏனென்றால் அந்தக் கோயில் கூட்டத்தில், கடன் வாங்கி வட்டி கட்டிய பர்மிய விவசாயிக்கு இடம் இல்லை. 1930-களில் நெல் விலை வீழ்ந்தபோது அவர்களால் கட்ட முடியவில்லை. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. நிலத்தை அவர்கள் விரும்பவில்லை, பணத்தைத்தான் விரும்பினார்கள் என்பார் தாத்தா. ஆனாலும் பகை மூண்டுவிட்டது.

உறுப்பினர்கள் ஆளும் எந்த அமைப்பைக் கண்டாலும் எனக்கு அந்தக் கோயில் கூட்டம் நினைவுக்கு வருகிறது. ஓப்பன் பெப்போலில் பயனாளர் சமூகம் என்று ஒன்று இருப்பது பெரிய விஷயம். ஆனால் உறுப்பினராகச் சந்தா கட்ட வேண்டும். கூட்டங்களுக்கு ஆள் வேண்டும். விதி வாசகங்களைப் படித்துக் கருத்துச் சொல்ல நேரம் வேண்டும். சேவை நிறுவனங்களில் அதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருப்பார்கள். எங்கள் பட்டறையில் நான் ஒருநாள் வராவிட்டால் சலான் எழுத ஆள் இல்லை. நாற்காலி போட்டுவைத்தால் மட்டும் போதாது. உட்காரவேண்டியவர் வந்து உட்காரும்படி செய்ய வேண்டும்.

நம் நாட்டில் அந்த நாற்காலியே இல்லை. ஜி.எஸ்.டி. மன்றத்தில் மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு; முக்கால் பங்கு இருந்தால்தான் தீர்மானம் நிறைவேறும். அரசுகளுக்குள் ஓட்டு எப்படி என்று அரசியலமைப்பிலேயே எழுதிவைத்திருக்கிறோம். பில் போடுகிறவருக்கு அங்கே ஓட்டு இல்லை. பில்லை அரசுத் தளத்தில் பதிந்து எண் பெறும் மின்னணு இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமானது. பிறகு 100, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்துவிட்டது. இறங்கிய ஒவ்வொரு படியிலும் சின்னவர்களின் எண்ணிக்கை கூடியது. விதி எழுதும் இடத்தில் அவர்களுடைய எண்ணிக்கை கூடவில்லை. மத்திய அரசின் ஜெம் கொள்முதல் தளம் 2016 முதல் நடக்கிறது. தமிழ்நாட்டுக்கு 1998-லேயே ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்துவிட்டது. டெண்டரைத் திறப்பதில் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒப்புக்கொண்ட மாநிலம் நம்முடையது. டெண்டர் படிவத்தையும் பில் படிவத்தையும் வரைவதிலும் அதைக் கொண்டுவரலாம் அல்லவா?

நான் கேட்பது இதுதான். மின்னணு முறையில் கொள்முதல் செய்யும் ஒவ்வோர் அரசு அமைப்பும், தன் இணையதளத்தின் விதிகளுக்கு ஒரு நிலையான குழு வைக்கட்டும். வாங்கும் துறை, மென்பொருள் செய்து தருபவர், சரக்கு தருபவர் என மூவரும் அதில் இருக்கட்டும். சரக்கு தருபவர்களின் உறுப்பினரை அரசு நியமிக்க வேண்டாம். தொழிற்பேட்டைச் சங்கங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பட்டும். அவர் வரும் நாளுக்குக் கூலியும் பயணச் செலவும் கொடுங்கள். இதைக் கூச்சமில்லாமல் கேட்கிறேன், அது இல்லாமல் எவரும் இரண்டாவது கூட்டத்துக்கு வரமாட்டார். ஒவ்வொரு விதிக்கும் எண் இருக்கட்டும், தமிழிலும் இருக்கட்டும். மாற்றம் கேட்டு விண்ணப்பித்தவருக்குக் குறித்த நாளுக்குள் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று காரணத்தோடு பதில் வரட்டும். 'இல்லை' என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், 'தீர்க்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தியைத்தான் பொறுக்க முடியவில்லை.

இந்தியா பெப்போலில் சேர வேண்டுமா என்பது தனிக் கேள்வி. சேர்வதானால், பிரஸ்ஸல்ஸ் மேசையில் நம் சார்பில் யார் உட்காருவார்கள், அம்பத்தூரிலும் கிண்டியிலும் உள்ள பட்டறைகளின் பேச்சு அவர்கள் காதுக்கு எந்த வழியாகப் போகும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுச் சேர வேண்டும். மென்பொருள் நிறுவனங்களின் வழியாக மட்டும் அது போகக் கூடாது. அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கட்டம் சிவப்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

அதே நிறுவனத்திடமிருந்து அடுத்த ஆர்டர் வந்திருக்கிறது, 260 ஃபிளாஞ்சுகள். ஆய்வகத்தின் சான்றிதழ் நேற்று மாலை கைக்குக் கிடைத்தது. எண்ணில் இந்த முறையும் இரண்டு சாய்கோடுகள். கடிதத்தாளில் அதே உறுதிமொழியை முன்கூட்டியே தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, சலானோடு சேர்த்துக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறைக் கணக்காளர் ஒருவர்,
அம்பத்தூர் தொழிற்பேட்டை, சென்னை – 58