ஏப்ரல் மாதத்தைப் பார்த்து முடிவு செய்

அன்புள்ள கண்ணாவுக்கு,

போனில் பேசினால் நீ அவசரப்படுவாய், நான் குரலை உயர்த்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டணி) எதிலும் இல்லாத லக்ராஸ் டீமில், அதாவது வலைக் கோலால் பந்தாடும் டீமில், ஆடி என்ன பிரயோஜனம், கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களுக்கான டிரான்ஸ்பர் போர்ட்டலில் பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டாய். அப்பா உடனே "கொடுத்துடு" என்றார். அவர் எப்போதும் பத்திரமான பக்கம் சாய்கிறவர், உனக்கே தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பால்டிமோர் பக்கத்தில் இருந்துகொண்டு லக்ராஸ் பேச்சு காதில் விழாமல் இருக்குமா? நம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள். மற்ற விளையாட்டுகளில் மூன்றாம் டிவிஷன், லக்ராஸில் மட்டும் மேல்மட்டமான முதல் டிவிஷன். எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராமல் யாரோடு ஆடுவது என்பதைத் தானே முடிவு செய்துகொண்டிருந்தார்கள். 2005லும் 2007லும் சாம்பியன். 2008 ஃபைனலில் அவர்களை 13-10 என்று சிரக்யூஸ் பல்கலைக்கழகம் ஜெயித்தது. அப்போது சிரக்யூஸுக்கும் கான்ஃபரன்ஸ் கிடையாது! அடுத்த வருடமும் கோப்பை சிரக்யூஸுக்கே. ஐந்து வருடத்தில் நான்கு கோப்பைகள் கான்ஃபரன்ஸ் இல்லாதவர்களிடம் போயின. தனியாக ஆடுகிறவன் என்றால் யாரும் சேர்த்துக்கொள்ளாதவன் என்று உங்கள் ஹாஸ்டலில் எவனாவது சொன்னால் இதைச் சொல்.

ஆனால் அந்தக் காலம் மாறிவிட்டது, அதையும் மறைக்க மாட்டேன். ஆறு டீமாவது இருக்கிற கான்ஃபரன்ஸில் ஜெயித்தவருக்கு, கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. நடத்தும் தேசிய டோர்னமென்டில் இடம் தானாகவே கிடைத்துவிடும். கான்ஃபரன்ஸ் இல்லாதவர்கள் தேர்வுக் கமிட்டி கூப்பிடுமா என்று காத்திருக்க வேண்டும். கமிட்டி பார்ப்பது எத்தனை ஜெயித்தாய் என்பதை மட்டுமல்ல, யாரை ஜெயித்தாய் என்பதையும். சிரக்யூஸ் 2010ல் பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸில் சேர்ந்துவிட்டது. ஹாப்கின்ஸ் 1972 முதல் 2012 வரை ஒரு வருடம்கூட விடாமல் டோர்னமென்டில் இருந்தது. 2013ல் ஒன்பது வெற்றி, ஐந்து தோல்வி. கூப்பிடவில்லை. அந்தக் கோடையிலேயே பிக் டென் கான்ஃபரன்ஸில் சேருவதாக அறிவித்தார்கள்.

ஹாப்கின்ஸ் தலை குனிந்து போனதாக இங்கே சில பழைய ஆட்கள் இன்னும் புலம்புவார்கள். எண்ணிப் பார்த்தால் அப்படி இல்லை. மேரிலாண்டும் ரட்கர்ஸும் வந்த பிறகும் பிக் டென்னில் லக்ராஸ் ஆடும் கல்லூரிகள் ஐந்துதான்: அந்த இரண்டோடு ஒஹாயோ ஸ்டேட், பென் ஸ்டேட், மிச்சிகன். ஆறாவது ஆள் அவர்களுக்கும் தேவைப்பட்டது. லக்ராஸுக்கு மட்டும் என்று ஹாப்கின்ஸைச் சேர்த்துக்கொண்டார்கள். 2015ல், சேர்ந்த முதல் சீசனிலேயே, ஹாப்கின்ஸ் பிக் டென் டோர்னமென்டை ஜெயித்து என்.சி.ஏ.ஏ.வில் கடைசி நான்கு வரை போனது.

சரி, கான்ஃபரன்ஸில் இருந்தால் மட்டும் எல்லாம் உறுதியா? 2022ல் நோட்டர் டேமை நினைத்துப் பார். ஏ.சி.சி. கான்ஃபரன்ஸில் இருந்தும், அங்கே ஐந்து டீம்தான் என்பதால் தானாகக் கிடைக்கும் இடம் இல்லை. எட்டு வெற்றி, நான்கு தோல்வியோடு வீட்டில் உட்கார்ந்தார்கள். அடுத்த இரண்டு வருடமும் அவர்கள்தான் சாம்பியன்.

உன் டீம் ஹாப்கின்ஸும் இல்லை, நோட்டர் டேமும் இல்லை. மே மாத என்.சி.ஏ.ஏ. டோர்னமென்டைக் கனவு கண்டு நீ அந்தக் கல்லூரிக்குப் போகவும் இல்லை. உனக்கு வேண்டியது நல்ல எதிரிகள். பிப்ரவரி, மார்ச்சில் ஆள் கிடைப்பார்கள். ஏப்ரலில்தான் சிக்கல்: எல்லாரும் தங்கள் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் மாட்டிக்கொள்வார்கள். அப்போது மேட்ச் கேட்டு அலைவது தை முகூர்த்தத்துக்குக் கடைசி நேரத்தில் மண்டபம் தேடுகிற கதைதான். கிடைத்தாலும் நீங்கள்தான் பஸ் ஏறிப் போக வேண்டியிருக்கும். கான்ஃபரன்ஸின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சொல்லும் ஆல்-கான்ஃபரன்ஸ் பட்டியலில் உன் பெயர் வராது என்ற வருத்தமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதனால் கோச்சிடம் நேராகப் போய் அடுத்த சீசன் ஷெட்யூலைக் கேள். ஏப்ரலில் எத்தனை மேட்ச், யாரோடு, அதில் எத்தனை உங்கள் மைதானத்தில்? ஏதாவது கான்ஃபரன்ஸோடு பேச்சு நடக்கிறதா? யூட்டா பல்கலைக்கழகம் 2019ல் முதல் டிவிஷனுக்கு வந்தபோது தனியாகத்தான் ஆடியது, பிறகு ஏ-சன் கான்ஃபரன்ஸில் சேர்ந்தது, 2023ல் அதை ஜெயித்து என்.சி.ஏ.ஏ. டோர்னமென்டுக்கே போனது. உங்கள் கல்லூரிக்கும் இது கான்ஃபரன்ஸில் சேரும் வழியில் வருகிற இரண்டு மூன்று வருடமா, இல்லை லக்ராஸையே மெதுவாக மூடப் போகிறார்களா? அந்த இரண்டும் ஒன்றல்ல. கோச் மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

ஏப்ரல் நிறைந்திருந்தால் இரு. காலியாக இருந்தால் போர்ட்டலில் பெயர் கொடு, நான் தடுக்க மாட்டேன். ஆனால் போகிற இடத்தில் உன் இன்ஜினியரிங் கிரெடிட்டுகளில் எத்தனையை எடுத்துக்கொள்வார்கள் என்று முதலில் எழுத்தில் வாங்கிக்கொள். அதில் மட்டும் அப்பாவும் நானும் ஒரே கட்சி.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. ஷெட்யூல் கைக்கு வந்தால் அதற்கு முன்பே போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா