றோயலுக்குப் போகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனே,

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டி உனக்குக் கொழும்பு றோயல் கல்லூரி கிடைத்துவிட்டது என்று அம்மா போனில் சொன்னபோது சந்தோஷமாக இருந்தது. ஆனால் "அங்கே எல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளாமே மாமா" என்று பின்னாலிருந்து கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். அது அரசாங்கப் பள்ளிக்கூடம். 1835இல் ஜோசப் மார்ஷ் என்ற பாதிரியார் ஹில் தெருவில் இருபது பையன்கள் போல வைத்துக்கொண்டு தொடங்கியது. அடுத்த வருடமே ஆளுநர் வில்மட் ஹோர்ட்டன் அதை அரசாங்கத்துக்கு எடுத்துக் கொழும்பு அகடமி ஆக்கினார். றோயல் என்ற பெயர் 1881இல்தான் வந்தது.

பெரிய இடம் என்று நீ கேள்விப்பட்டது பொய்யில்லை. நாட்டை ஆண்ட ஜோன் கொத்தலாவல, ஜே.ஆர். ஜெயவர்தன, ரணில் விக்ரமசிங்க எல்லாரும் அங்கே படித்தவர்கள். நம்மவர்களில் பொன்னம்பலம் அருணாசலம் அங்கிருந்து கேம்பிரிட்ஜ் போய், 1875இல் போட்டிப் பரீட்சை எழுதி சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர் ஆனார். அவரும் பரீட்சை எழுதித்தான் வந்தார், ஆனால் முதலியார் பட்டம் பெற்ற பெரிய வீட்டுப் பிள்ளை. உன்னையும் அவரையும் ஒரே தட்டில் வைத்து நான் பேச மாட்டேன். உன் கதை தொடங்குவது 1945இல், அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கர இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது. ஐந்தாம் வகுப்பில் நீ எழுதினாயே, அந்தப் பரீட்சைக்கு வழி போட்டவரும் அவர்தான். பழைய மாணவரின் பிள்ளை என்றால் முதலாம் வகுப்பு அனுமதியில் தனி ஒதுக்கீடு உண்டு. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காத ஏற்பாடு. நீ அப்படி வரவில்லை. தமிழ் வகுப்பிலிருந்து வருகிறேன் என்றும் கூச்சப்படாதே, சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் அங்கே பாடம் நடக்கிறது.

நீ பார்க்கப்போகும் பெரிய கட்டடம் 1923இல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் இராணுவம் அதை ஆஸ்பத்திரி ஆக்கிக்கொள்ள, வகுப்புகள் பங்களாக்களுக்குப் போயின.

அப்புறம் மார்ச் மாதம். சென் தோமஸ் கல்லூரியோடு நடக்கும் 'நீலங்களின் சமர்' கிரிக்கெட் ஆட்டம் வந்தால் பையன்கள் நீலமும் மஞ்சளுமாகக் கொடி கட்டி, பப்பரே என்ற பாண்டு வாத்தியத்தோடு தெருவை அடைத்துக்கொண்டு போவார்கள். 1879இல் நடந்த முதல் ஆட்டத்துக்குப் பேரை வாவியைப் படகில் கடந்து காலிமுகத்திடலுக்குப் போனார்களாம். அதில் ஆசிரியர்களும் சேர்ந்து ஆடியதால் கணக்கில் சேர்ப்பதில்லை, 1880இலிருந்துதான் எண்ணுகிறார்கள். இரண்டு உலகப் போர்களிலும் ஆட்டம் நிற்கவில்லை.

1885 ஆட்டத்தைப் பற்றி உனக்கு யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். றோயல் 9 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அணி முழுவதும் சேர்ந்து ஒன்பது! இரண்டாம் நாள் ஆட்டம் நடக்கவில்லை. அதனால் சமநிலை என்று உங்கள் பக்கமும், வெற்றி என்று அவர்கள் பக்கமும் இன்றுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். தலைநரைத்தவர்கள்கூட இதற்காகச் சண்டை போடுவார்கள்.

வகுப்பில் யாராவது கேட்டால் சமநிலை என்றே சொல். நான் அங்கே படித்தவன் இல்லை, என்னிடம் ஒரு தோமியன், அதாவது சென் தோமஸ்காரன், கேட்டால் நான் என்ன சொல்வேன் என்பது வேறு விஷயம்.

அன்புடன்,
மாமா